விவாகக் கணக்கும் தர்மக் கணக்கும்

ஒரு தேசத்தில் மணமானோர் எத்தனை பேர், ஆகாதோர் எத்தனை பேர், துணையை இழந்தோர் எத்தனை பேர், விவாகரத்துப் பெற்றோர் எத்தனை பேர் என்று வகுத்துக் காட்டும் பட்டியலை மற்றொரு தேசத்தின் பட்டியலோடு சேர்த்து வைத்துப் பார்ப்பவர் பெரும்பாலும் தம் தேசத்தின் மேன்மைக்குச் சான்று தேடியே பார்க்கிறார். இந்தியாவையும் ஜப்பானையும் இவ்வாறு ஒப்பிட்டுத் திருப்தியுறுவோர் நம்மிடையே பலர்.

அவர்களுக்குத் துணை நிற்கும் எண்கள் பொய்யல்ல. ஜப்பானில் ஐம்பது வயது வரையில் ஒரு முறையேனும் மணம் புரியாத ஆடவர் 1950இல் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. 2020இலோ நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர், பெண்களில் 18 பேர். 2023ஆம் ஆண்டில் அங்கே நடந்த திருமணங்கள் சுமார் 4,75,000. அதே ஆண்டில் முறிந்தவை சுமார் 1,84,000. இந்தியாவில் ஐம்பதை நெருங்கிய பெண்களில் மணமாகாதவர் நூற்றுக்கு ஓரிருவரே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் விவாகரத்தானவர் என்று பதிவானோர் நூற்றிருபது கோடி மக்களில் 14 லட்சத்தைக்கூட எட்டவில்லை. ஆகவே குடும்ப தர்மம் இங்கே தழைத்திருக்கிறது, அங்கே பட்டுப்போயிற்று என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா?

விலகிச் செல்ல வழியிருந்தும், விலகிய பின் கௌரவமாகப் பிழைக்க இடமிருந்தும், ஒருவர் தம் துணையோடு நிலைத்து வாழ்வாராயின் அதனை ஒழுக்கம் என்று போற்றலாம். போக்கிடமற்றவர் பொறுத்திருப்பதை அப்பெயரால் அழைப்பது அவருடைய துன்பத்தைத் தேசத்தின் பெருமையாக மாற்றிக்கொள்வதேயாகும். முறிவின் எண்ணிக்கை மட்டும் ஒரு சமூகத்தின் நன்மை தீமையை உரைக்காது என்பதற்கு ஜப்பானின் சரித்திரமே சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாட்டு மணமுறிவு விகிதம் இன்றிருப்பதைவிட மிகுதி. சில ஆண்டுகளில் ஆயிரம் பேருக்கு மூன்றுக்கும் மேல். அது பெண்களின் சுதந்திரத்தைக் காட்டிய எண்ணன்று. வீட்டு வழக்கத்துக்கு ஒத்துவராதவள் என்று மாமியார் கருதினாலே மருமகளைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிடுவது அக்காலத்தில் சாதாரணம். அதற்கு முற்பட்ட காலத்தில் கணவன் மூன்றரை வரியில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் விவாகம் முடிந்தது. மனைவிக்கு அவ்வுரிமை இல்லை. கணவனிடமிருந்து விடுபட விரும்பியவள் காமகுரா நகரத்துத் தோகேஜி போன்ற கன்னியர் மடத்தில் புகலடைந்து சில ஆண்டுகள் தங்கியே விடுதலை பெற வேண்டியிருந்தது. 1898ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்துக்குப் பின் முறிவுகள் சடுதியில் குறைந்தன. மிகுதியாக இருந்தபோது மக்கள் கெட்டவர்களும் அல்லர், குறைந்தவுடன் நல்லவர்களும் ஆகிவிடவில்லை.

இனி நம் பட்டியலுக்கு வருவோம். 2011ஆம் ஆண்டுக் கணக்கில் விவாகரத்தானோருக்கு அடுத்தாற்போல் பிரிந்து வாழ்வோர் என்றொரு வகுப்பு உண்டு. அதில் இருப்போர் ஏறத்தாழ 35 லட்சம். அதாவது விவாகரத்துப் பெற்றவர்களைவிட, அது பெறாமலே பிரிந்து கிடப்பவர்கள் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அவர்களில் 23 லட்சத்துக்கு மேற்பட்டோர் பெண்கள். ஒவ்வொரு பிரிவிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உண்டு என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். அங்ஙனமாயின் பெண்ணுக்கு ஈடான ஆண்கள் எங்கே? மறுமணம் செய்துகொண்டிருப்பார்கள், அல்லது மணமானவர் என்றே சொல்லியிருப்பார்கள். வேறு விளக்கம் கிடைப்பது அரிது. ஒரே பிரிவு ஆணைத் தொடாமலும் பெண்ணின் வாழ்நாளையே குறிப்பதாயும் இருக்கும் அநீதிக்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டியதில்லை. இந்த எண்ணும் முழுமையானதன்று. கணக்கெடுப்பவர் வாசலில் நிற்கும்போது பதில் சொல்பவர் பெரும்பாலும் வீட்டுத் தலைவர். ஊரார் வாழாவெட்டி என்று ஏசும் மகள் அடுக்களையில் இருக்க, தகப்பனார் வெட்கத்தினாலோ, என்றேனும் மருமகன் அழைத்துப்போவான் என்ற நம்பிக்கையினாலோ, “கல்யாணம் ஆயிற்று” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். அப்பெண்ணும் நம் பெருமைக்குரிய மணமானோர் தொகையில் ஒருத்தி.

அப்படியானால் ஜப்பானின் வழியே சிறந்ததோ என்றால், அதற்கும் அவசரப்பட வேண்டியதில்லை. நம் இந்து விவாகச் சட்டத்தில் இருவரும் மனமொத்துப் பிரியும் ஏற்பாடே 1976இல்தான் வந்தது. அதற்கும் ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், நீதிமன்றத்தில் மனுச் செய்த பின் பொதுவாக ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஜப்பானிலோ முறிவுகளில் பெரும்பாலானவை, கணவன் மனைவியும் இரண்டு சாட்சிகளும் கையொப்பமிட்ட ஒரு தாளை நகர அலுவலகத்தில் கொடுத்தவுடன் நிறைவேறிவிடுகின்றன. குழந்தை யாரிடம் என்பதைக் குறிக்க அத்தாளில் ஓர் இடம் உண்டு. நீதிபதி எவரும் விசாரிப்பதில்லை. இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு: துணையின் கையொப்பத்தைத் தாமே இட்டுத் தாளைக் கொடுத்துவிடுவோர் இருந்தமையால், “என் பெயரில் விவாகரத்துத் தாள் வந்தால் ஏற்க வேண்டாம்” என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வைக்கும் ஏற்பாடும் அதே அலுவலகத்தில் தேவைப்பட்டது. பூட்டிய கதவு எளியவரை உள்ளே வதைக்கிறது. தாழில்லாத கதவு அவரையே வெளியே தள்ளவும் இடந்தருகிறது.

மணமாகாதோரைப் பற்றிய பழியும் ஆராயத்தக்கது. 2021இல் ஜப்பானிய அரசு நிறுவனம் நடத்திய ஆய்வில், 18 முதல் 34 வயது வரையுள்ள மணமாகாதோரில் பத்தில் எட்டுப் பேர் என்றேனும் மணம் செய்துகொள்ளவே விரும்புவதாகக் கூறினர். நிலையான உத்தியோகமில்லாத ஆடவனுக்குப் பெண் கிடைப்பது அரிது. மணந்தால் இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் என்னும் சட்டத்தால் தன் பெயரை இழப்பவள் ஏறக்குறைய எப்போதும் பெண்ணே. இவை ஒழுக்கக் குறைவல்ல. மறுபுறம், ஏறத்தாழ எல்லோருக்கும் மணம் ஆகிவிடும் நம் நாட்டில், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 23 பேர் பதினெட்டு நிறையுமுன்பே மணம் முடிக்கப்பட்டவர்கள். அவர்களுடைய சம்மதத்தை யார் கேட்டார்?

ஆகவே இரு தேசங்களுள் எது தர்மத்தில் உயர்ந்தது என்பதை மணமானோரின் தொகையால் நிறுக்க இயலாது. மணத்துக்கு வெளியே நிற்பவர், அதாவது கைவிடப்பட்டவள், விதவை, மணமாகாத முதியவர், எத்தகைய மதிப்போடும் எவ்வளவு அச்சமின்றியும் வாழ்கிறார் என்பதே கேட்கத்தக்கது. அந்தக் கேள்விக்கு இரு நாடுகளும் இன்னும் தலைநிமிர்ந்து பதில் சொல்லக்கூடிய நிலையில் இல்லை. 2027ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கு நம் வீட்டு வாசலுக்கு ஆள் வரும்போது, ஒரு சிறு நியாயமாவது செய்யலாம்: வீட்டிலுள்ள பெண்ணின் நிலையைப் பற்றிய கேள்விக்கு அவளையே அழைத்துப் பதில் சொல்லச் செய்யுங்கள்.