மரபணு ஊழ் ஆகுமா?

நோயை ஊழ் என்று ஏற்பவரும் தன்வினை என்று பழிப்பவரும் எதிரெதிரே நிற்பதாகத் தோன்றும். ஆனால் காரணம் ஒன்றே என்பதில் இருவருக்கும் ஒற்றுமை. நோயெதிர்ப்பியல், மரபியல் ஆய்வுகள் அசைப்பது அந்த ஒற்றுமையைத்தான். 1980இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்த என்ஓடி எலிகளில், உடலின் காவல் செல்களே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிக்கின்றன. தலைமுறைகளாக உள்ளினச் சேர்க்கையில் பெருக்கப்பட்டதால் அவற்றின் மரபணுக்கள் ஏறக்குறைய ஒன்றே. கூண்டும் தீனியும் ஒன்றே. இருந்தும் பெண் எலிகளில் பெரும்பாலானவற்றுக்கு நீரிழிவு வருகிறது, சில தப்பிவிடுகின்றன. ஆண்களில் சிறுபான்மைக்கே வருகிறது. (எலி இனிப்பு தின்று கெட்டது என்று சொல்லவும் வழியில்லை.) மரபணு மட்டுமே முடிவு செய்வதில்லை, தற்செயலுக்கும் இடம் உண்டு. கல்லீரலிலும் காரணம் ஒன்றல்ல: 2008இல் டல்லாஸ் ஆய்வாளர்கள் கண்டறிந்த பிஎன்பிஎல்ஏ3 மரபணு மாற்றம் அங்கே கொழுப்பையும் அழற்சியையும் கூட்டுகிறது, உடல் பருத்தால் அதன் வேகம் ஏறுகிறது.

ஒரே மரபணுப் பிழையால் வரும் நோயும் உண்டே என்று மறுக்கலாம். உண்டுதான். பிறந்த சில மாதங்களிலேயே தோன்றும் ஒருவகை நீரிழிவுக்கு கேசிஎன்ஜே11 மரபணுவின் மாற்றமே போதும் என்று 2004இல் தெரியவந்தது. தெரிந்த பிறகோ, அக்குழந்தைகளில் பெரும்பாலோர் இன்சுலின் ஊசியை விட்டு சல்ஃபோனைல்யூரியா மாத்திரைக்கு மாற முடிந்தது. இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு: தற்செயல் என்பது சுதந்திரம் ஆகாது, தப்பிய எலி எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். இந்த ஆய்வுகள் மனிதச் சுதந்திரத்தை நிறுவவில்லை. நோயாளியின் உடலைப் பார்த்து அவர் குற்றத்தைப் படித்துவிடலாம் என்ற துணிவைத்தான் அவை பறிக்கின்றன.