தண்டம் கட்டினால் முடிந்துவிடுமா?

ஆசிரியப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற பிறகு, பரந்தனில் அயலவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என் வேலையாகிவிட்டது. சமுர்த்தி, காணி, பிறப்புப் பதிவு என்று வந்தார்கள். இப்போது பொலிஸ் நற்சான்றிதழ் கேட்டும் பிள்ளைகள் வருகிறார்கள். கட்டாருக்கோ டுபாய்க்கோ போகப் புறப்பட்டவர்கள். அடையாள அட்டை, கடவுச்சீட்டு, விதானையாரின் கடிதம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். “தம்பி, கேஸ் ஏதும் இருந்ததோ?” என்று கேட்கும்போதுதான் சிலருடைய முகம் மாறும்.

“ஒரு மணல் கேஸ், சேர். காசு கட்டிட்டன். கட்டினா முடிஞ்சுது எண்டுதானே சொன்னவை?”

அனுமதிப்பத்திரம் இல்லாமல் உழவு இயந்திரத்தில் மணல் ஏற்றியது குற்றம்தான். ஆற்றங்கரைகள் குதறப்பட்டுக் கிடப்பதைப் பார்த்தவன் அதைச் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் உழவு இயந்திரம் முதலாளியுடையது. பிடிபட்டவன் கூலிக்குப் போன பெடியன். நீதிமன்றத்தில் குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்கிறார்கள். சுற்றவாளி என்றால் இன்னும் எத்தனை தவணை, எத்தனை நாள் கூலி நட்டம் என்று மனதுக்குள் கணக்குப் பார்க்கிறான். குற்றவாளி என்று சொல்லி, கடன் வாங்கித் தண்டத்தைக் கட்டிவிட்டு வருகிறான். அந்த ஒரு சொல் பொலிஸ் பதிவில் ஏறிவிட்டது என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை.

சட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306 ஆம் பிரிவு. குற்றம் நிரூபணமானாலும், ஆளின் வயதையும் முன்நடத்தையையும் பார்த்து, குற்றத்தீர்ப்பு எழுதாமலே எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ நீதவான் விடுவிக்கலாம். அது அவருடைய தற்றுணிபு. ஆனாலும் கேட்க ஒரு சட்டத்தரணி வேண்டுமே. வசதியில்லாதவர்களுக்காக 1978 இல் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவுக்குக் கிளிநொச்சியிலும் அலுவலகம் உண்டு. எங்கள் பெடியள் அங்கே போவது எல்லாம் முடிந்த பிறகுதான். அப்போது செய்யக்கூடியது, தண்டம் கட்டி வழக்கு முடிந்தது என்பதற்கு வழக்கேட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுத்துக் கையில் வைத்திருப்பது. அது பதிவை அழிக்காது, விளக்கம் சொல்ல உதவும்.

இங்கிலாந்தில் 1974 இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். குறிப்பிட்ட காலம் வேறு குற்றமின்றி வாழ்ந்தவரின் பழைய தண்டனை காலாவதியாகிவிடும். பெரும்பாலான வேலைகளுக்கு அதை அவர் சொல்லவே தேவையில்லை. அப்படியொரு பொதுச் சட்டம் இங்கே இல்லை.

இதையெல்லாம் விடச் சிக்கலான ஒரு கோப்பு என் மேசைக்கு வந்தது. நாற்பது தாண்டிய ஒருவர், 2009 இல் போர் முடிந்தபோது ஓமந்தையில் இராணுவத்திடம் சரணடைந்தவர். கடதாசி உறைக்குள் லமினேற் செய்த புனர்வாழ்வுச் சான்றிதழ். மூலைகள் மட்டும் பிரிந்து மஞ்சளாகியிருந்தன. போருக்குப் பிறகு புனர்வாழ்வு பெற்ற ஏறத்தாழ 12,000 பேரில் அவரும் ஒருவர். “கேஸ் ஏதும்?” என்றேன். “கேஸே போடேல்லை அண்ணை. ஆனா இண்டைக்கும் வீட்டை வந்து விசாரிக்கினம். நீங்க என்ன எழுதப்போறியள்?”

மணல் கேஸுக்கு இலக்கம் உண்டு, திகதி உண்டு, பற்றுச்சீட்டு உண்டு. தீர்ப்பு இருந்தால், குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவர் மேன்முறையீடு செய்யலாம். அரசியலமைப்பின் 34 ஆம் உறுப்புரையின் கீழ் ஜனாதிபதியிடம் மன்னிப்பும் கேட்கலாம். இவர் எதற்கு மன்னிப்புக் கேட்பது? எந்த நீதிமன்றத்தில் எந்தத் தீர்ப்பை மாற்றச் சொல்வது? குற்றவாளியென்று ஒருவரும் தீர்க்காததாலேயே அவர் சுற்றவாளியென்று நிரூபிக்கவும் வழியில்லாமல் நிற்கிறார். வயலில் பாடுபட்டு இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிற மனிசன்.

அவருடைய விண்ணப்பத்தில் குற்றத்தீர்ப்பு உண்டா என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். அது உண்மை.

அழைப்பாணை வந்த பிள்ளைகள் முதல் தவணைக்கு முன்பே சட்ட உதவி அலுவலகத்துக்குப் போங்கள். பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். தேர்தலுக்குத் தேர்தல் பரந்தன் சந்தியில் மேடை போடுகிறவர்களிடம், வீதி போடுவியளோ என்று கேட்பதோடு நிற்காமல், சிறு தண்டனைகள் காலாவதியாக ஒரு சட்டமும், வழக்கே போடாதவர்களின் கோப்பை மூட ஒரு திகதியும் கேளுங்கள்.