கேனரியின் நிறம்: இயற்கையா, மனிதன் செய்ததா?

காட்டுக் கேனரி முழு மஞ்சள் பறவை அல்ல. கேனரித் தீவுகள், மதேரா, அசோர்ஸ் ஆகிய அட்லாண்டிக் தீவுகளில் வாழும் அதன் உடல் மஞ்சள் கலந்த பச்சை. முதுகில் கரும்பழுப்புக் கீற்றுகள். 15ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கேனரித் தீவுகளைக் கைப்பற்றியபின் அது ஐரோப்பியக் கூண்டுகளுக்குள் வந்தது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு வகைகளெல்லாம் அங்கே பெருகியவை. இவை இயற்கையா, செயற்கையா என்பது தத்துவம் சார்ந்த கேள்வி.

தன் மாற்றத்துக்கான காரணத்தைத் தனக்குள்ளேயே கொண்டிருப்பது இயற்கைப் பொருள். அந்தக் காரணம் செய்பவனிடம் இருந்தால் அது செயற்கைப் பொருள். அரிஸ்டாட்டில் வகுத்த பிரிவு இது.

கேனரியின் இறகில் இருவகை நிறமிகள் உண்டு. கறுப்பும் பழுப்பும் தரும் மெலனினைப் பறவையின் உடலே உண்டாக்குகிறது. மஞ்சளுக்கு மூலமான கரோட்டினாய்டுகள் உணவிலிருந்து வருபவை. மரபணு மாற்றத்தால் மெலனின் மறைந்த பறவையில் மஞ்சள் மட்டும் எஞ்சுகிறது. அந்த மாற்றத்தை மனிதன் உண்டாக்கவில்லை. தானாகத் தோன்றியதைத் தேர்ந்து பெருக்கினான்.

வெள்ளையில் சிக்கல் தொடங்குகிறது. ஒருவகை வெள்ளைக் கேனரியின் உடலால் உணவிலுள்ள கரோட்டினாய்டுகளைச் சரிவர ஈர்க்க முடியாது. அவற்றிலிருந்தே கிடைக்க வேண்டிய வைட்டமின் ஏ-யை வளர்ப்பவர் தனியே கொடுத்தாக வேண்டும். மற்றொரு வகையில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் வெள்ளை மரபணு வந்து சேர்ந்தால் குஞ்சு பிழைப்பதில்லை.

சிவப்பு வேறொரு பறவையின் கொடை. 1920களில் ஜெர்மனியின் பிரேமனில் ஹான்ஸ் டுங்கர், தென் அமெரிக்காவின் சிவப்பு சிஸ்கினோடு கேனரியை இணைசேர்த்துச் சிவப்புக் கேனரியை உருவாக்க முயன்றார். மஞ்சள் நிறமியைச் சிவப்பாக்கும் மரபணு அவ்வழியே கேனரிக்குள் வந்தது. அது வந்தும், இறகு உதிர்த்து முளைக்கும் பருவத்தில் ஏற்ற தீனி இல்லையெனில் சிவப்பு மங்கிவிடும். இந்த ஆசைக்காக ஓயாமல் பிடிக்கப்பட்ட சிஸ்கின், இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனம்.

அரிஸ்டாட்டிலின் அளவுகோலின்படி எந்த நிறக் கேனரியும் செயற்கைப் பொருள் ஆகாது. நிறமியை ஏற்பதும் மாற்றுவதும் இறகில் சேர்ப்பதும் அதன் உடலே. ஆனால் மனிதனின் தேர்வு, சில வகைகளில் உயிர் வாழத் தேவையானதையே பறவைக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டது. அழகை விரும்புவதில் பிழையில்லை. அந்த அழகுக்காகப் பறவை இழந்ததை ஈடுசெய்வது, அதை விரும்பியவரின் கடமை. ஈடுசெய்ய முடியாத நிறத்தை வளர்க்காமல் விடுவதே அறம்.