போருக்குப் பின் இல்லறம்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைக் காரி கொன்றான். மலையைச் சேரனுக்கு ஈந்தான். வளப்பூர் நாட்டார் அறிந்த வரலாறே இது. அப்போரில் வில்லேந்தியோர் இல்லம் திரும்பி மனைவியரோடு எவ்வாறு வாழ்ந்தனர் என்று நாம் கேட்பதில்லை.

ழாக் ஓதியார் இயக்கி, 2015இல் கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்ற 'தீபன்' திரைப்படம் அதைக் கேட்கிறது. முன்னாள் புலிப் போராளி ஒருவன், முன்பின் அறியாப் பெண், அநாதைச் சிறுமி ஆகிய மூவரும் இறந்தோரின் கடவுச்சீட்டில் குடும்பமென நடித்துப் பிரான்சு சேர்கின்றனர். நடிப்பு மெல்ல நேசமாகிறது. குடியிருப்பில் துப்பாக்கி வெடித்ததும் அவனுள் உறங்கிய போர் விழித்துக்கொள்கிறது, அவள் அஞ்சுகிறாள்.

ஈண்டு நமக்கொரு சங்கடம். 1990 அக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரக் கெடுவில் விரட்டியது அவன் சார்ந்த இயக்கமே. அவனுக்காக இரங்கலாமா? இரங்கலாம் என்பேன். இரக்கம் மன்னிப்பு அன்று. நீதி கேட்கும் உரிமையை அது பறிப்பதில்லை. கணவன் மனைவியரை ஒருவர்க்கொருவர் ஆடை என உவமிக்கிறது திருமறை. ஆடை காயத்தை மறைக்கும், ஆற்றுமா? இறுதியில் அவர்களை இங்கிலாந்தில் இன்பமாய்க் குடியேற்றுவது எனக்கு ஒப்பவில்லை.

புத்தளத்து அகதிக் குடில்களில் முதுமை எய்திய நம் தம்பதியரின் கதையும் திரைக்கு உரியதே.