‘இல்லைங்க’ என்று சொல்ல ஓர் இடம்

நீலகிரிக்கு வந்து போகிறவர்கள் பலருக்கு, இங்கே வாழ்கிறவர்களுக்கும் மனசு நோகும் என்பது புரிவதில்லை. “இவ்வளவு அழகான ஊர்ல இருந்துக்கிட்டு உங்களுக்கு என்னங்க கவலை?” என்பார்கள். சுற்றுலாப் பயணி கேட்டால் சிரித்துவிட்டு நகரலாம். மனநல ஆலோசகரே கேட்டால்?

என்னிடம் கேட்டார். அம்மா இறந்த பிறகு எனக்குத் தூக்கம் போயிருந்தது. குன்னூர்ப் பக்கம் எங்கள் குடியிருப்பில் மனசு சரியில்லை என்றால் முதலில் மாரியம்மன் கோயில், அடுத்து மந்திரித்த கயிறு, அதற்கும் பிறகுதான் டாக்டர். நான் மலையிறங்கி ஒரு நகரத்து ஆலோசகரைப் பார்த்தேன். நன்றாகப் படித்தவர், பண்பாகப் பேசினார். “காலையில எழுந்து தேயிலைத் தோட்டத்துக்குள்ள ஒரு வாக்கிங் போங்க, மனசு லேசாயிடும்” என்றார். அம்மா தன் ஆயுளின் பெரும்பகுதியைக் கொழுந்து பறித்துக் கழித்த இடம் அது. அம்மாவின் நினைவிலிருந்து கொஞ்ச நேரம் விலகி நிற்க வழி கேட்டு வந்தவனை, அம்மா நின்ற இடத்துக்கே ஆலோசகர் திருப்பி அனுப்பினார். நான் “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அவருடைய யோசனையைவிட என்னுடைய அந்தச் ‘சரிங்க சார்’தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நாங்கள் சிலோனிலிருந்து வந்த குடும்பம். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், அங்கிருந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. யார் எங்கே போவது என்பதை இரு அரசுகள் பேசி முடித்தன. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தமிழக அரசு போட்ட தேயிலைத் தோட்டங்கள்தான் இன்றைய டேன்டீ நிறுவனம். சிலோனில் துரைக்குச் சரிங்க, கங்காணிக்குச் சரிங்க; இங்கே அதிகாரிக்குச் சரிங்க, டாக்டருக்குச் சரிங்க. மேசைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தாலும் தலை தானாக ஆடும். ஆறுதல் தேடிப் போன அறையிலும் அதுவே ஆடியது.

எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979-ல், சிகிச்சை பலிக்க ஆலோசகருக்கும் வந்தவருக்கும் இடையே மூன்று பொருத்தம் வேண்டும் என்று எழுதினார். எதை நோக்கிப் போகிறோம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு, அதற்கு என்ன செய்வது என்பதில் உடன்பாடு, இவற்றைத் தாங்கும் ஒரு பிணைப்பு. அதன்பின் வந்த ஆய்வுகளும், எந்த முறைச் சிகிச்சையானாலும் இந்த உறவு நன்றாக அமைந்த இடத்தில் பலன் கூடுவதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆனால் உடன்பாடு என்றால் மறுக்கவும் முடிந்திருக்க வேண்டும். பயத்திலும் மரியாதையிலும் ஆடும் தலையை உடன்பாட்டுக் கணக்கில் சேர்க்க முடியாது.

மலையில் இன்னும் சில சிக்கல்கள் உண்டு. பக்கத்திலேயே ஆலோசகர் கிடைத்தால் அவர் அறை வாசலில் சின்னம்மா மகன் ஆட்டோ ஓட்டிக்கொண்டு நிற்பான். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது; பஸ் ஸ்டாண்டை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. தூரத்தில் தேடினால் மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் பாதையில் மண் சரிந்து அன்றைய பயணமே நின்றுவிடும். போனில் பேசலாம் என்றால், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினாலும் கேட்கும். தோட்டத்து மேட்டுக்குப் போனால் சிக்னல் கிடைக்கும். ஆனால் காட்டெருமை இறங்கும் நேரத்துக்கு முன் பேசி முடிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் நடுவிலும் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மருந்து தேவைப்படும் நிலை என்றால் மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டும். அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தைக் கேட்டால் வழி சொல்வார்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்கும், கேட்பதில் தவறில்லை. கவுன்சலர் என்று பலகை மாட்டிய எல்லாரும் ஒரே படிப்பு படித்தவர்கள் அல்லர். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்தால் மட்டும் பொருத்தம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம். தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

மொழி தெரிந்தால் போதுமா, நம் ஆளாகவே இருக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் கூடலூரைப் பார்க்க வேண்டும். அங்குள்ள ஆதிவாசி மருத்துவமனை, பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் குடும்பத்துப் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்து வளர்ந்தது. ஆஸ்பத்திரி என்றாலே ஒதுங்கிப் போனவர்கள், தங்கள் பேச்சைப் பேசும் ஒருத்தி உள்ளே இருந்ததால் படியேறினார்கள். படியேற வைக்க நம் ஆள் பெரிய துணைதான். ஆனால் உள்ளே போன பிறகு சிலவற்றை நம் ஆளிடம்தான் சொல்லவே முடியாது. எனக்கு அப்படித்தான்.

பிறகு எனக்கு அமைந்தவர் மலையைப் பார்த்தே அறியாத ஓர் அக்கா. போனில்தான் பேசுவோம். தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டார். “லயம்னா எப்படிங்க இருக்கும்? அழுதா பக்கத்து வீட்டுக்குக் கேக்குமா?” என்று கேட்டார். கேட்கும் என்றேன். “அப்ப அம்மா போன அன்னைக்கு நீங்க எங்க போய் அழுதீங்க?” என்றார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை.

அவரும் தவறாகக் கணிப்பதுண்டு. ஒருநாள், “உங்களுக்கு அம்மா மேல கோபம் இருக்கு போல” என்றார். வழக்கம்போலத் தலை ஆடத் தொடங்கியது. போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். “இல்லைங்க, கோபம் இல்ல” என்றேன். அவர் விளக்கவுமில்லை, வருத்தப்படவுமில்லை. “அப்ப என்னன்னு சொல்லுங்க, நான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன்” என்றார். நான் சொல்லத் தொடங்கினேன்.

அதனால், நமக்கு ஏற்ற ஆலோசகர் யார் என்று இப்போது என்னிடம் கேட்பவர்களுக்கு ஒரே ஒரு சோதனையைத்தான் சொல்கிறேன். படிப்பு, கட்டணம், தூரம் எல்லாம் பார்த்த பிறகு, அவர் சொன்ன ஒன்றைத் துணிந்து மறுத்துப் பாருங்கள். முகம் சுருங்கினால் வேறு ஆளைத் தேடலாம். அது நன்றிகெட்டதனம் ஆகாது. நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டு கேட்டால், அடுத்த வாரமும் போங்கள்.