வெயிலைக் குடத்தில் மொள்ளுதல்

நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றும் யாவர்க்கும் பொது என்னும் கருத்துடைய நபிமொழியை நாம் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நாளில், மாணவர் ஒருவர் குறுக்கிட்டு, "ஹஜ்ரத், வானத்தில் வெயிலைப் பிடித்துப் பூமிக்கு அனுப்பி விற்கப் போகிறார்களாமே, அது ஆகுமா?" என வினவினார். சிறுபிள்ளைக் கேள்வி என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

அமெரிக்கப் பொறியியலறிஞர் பீட்டர் கிளேசர் 1968ஆம் ஆண்டிலேயே இத்திட்டத்தை வெளியிட்டார். ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், ஓரிடத்தில் நிற்பதுபோல் தோன்றும் துணைக்கோளில் தகடுகளை விரித்து, வெயிலை மின்சாரமாக்கி, நுண்ணலையாகக் கீழே அனுப்புவது. தரையிலுள்ள அலைவாங்கி அதனை மீண்டும் மின்சாரமாக்கும். அங்கே மேகமில்லை. இரவென்பதும் ஆண்டில் இருமுறை வரும் சில வாரங்களில் மட்டுமே. அப்போதும் நாளொன்றுக்கு 72 நிமிடத்துக்கு மேற்படாது. 2023இல் கலிபோர்னியாவின் கால்டெக் கல்விக்கழகம் விண்ணுக்கு அனுப்பிய சிறு கருவி விடுத்த அலை தரையில் உணரப்பட்டது. ஆனால் தரையிலுள்ள மாற்று வழிகளைவிட இது 12 முதல் 80 மடங்கு வரை செலவு பிடிக்கும் என 2024இல் நாசாவின் அறிக்கையொன்று கணித்தது. ஆகவே நாளையே வெயில் விலைக்கு வந்துவிடாது. வந்தபின் நியாயம் பேசுவதோ, பந்தி முடிந்தபின் இலை போடுவதாகும்.

வெயிலைப் பொறுத்து நமக்கு ஐயமில்லை. பொதுநீரும் ஒருவர் தம் குடத்தில் மொண்டுகொண்டால் அவருடையதாகிவிடும், விற்கலாம். இது ஃபிக்ஹு நூலார் முடிபு. தகடு குடம், மின்சாரம் மொண்ட நீர். வெயிலோ மொள்ளக் குறைவதன்று. குறைவது கிணற்றடி! நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே அத்தகைய வட்டப்பாதை ஒன்றுதான் உண்டு. விண்ணை எந்நாடும் தனதாக்கலாகாது என்றது 1967ஆம் ஆண்டின் உடன்படிக்கை. 1976இல் கொலம்பியா, கென்யா, இந்தோனீசியா முதலிய நாடுகள் பொகோட்டா நகரில் கூடி, அப்பாதையில் தம் தலைக்கு மேலுள்ள பகுதி தமக்கே உரியதென அறிவித்தன. மற்ற நாடுகள் ஏற்கவில்லை; நாமும் ஏற்பதற்கில்லை. எனினும் அவர்தம் அச்சம் பொய்யன்று. வல்லார் முந்திக்கொண்டால் பின்வருவோர்க்கு இடமேது?

ஷாஃபிஈ நூல்களில் இதற்கொப்பான வழக்கொன்று உண்டு. பாழ்நிலத்தில் தன் தேவைக்காகக் கிணறு வெட்டிய வழிப்போக்கன், அங்கே தங்கியிருக்கும்வரை முன்னுரிமை உடையவன்; புறப்பட்டுவிட்டால் அது பொது. தங்கியிருக்கையிலும் தேவைக்கு மிஞ்சிய நீரைத் தாகித்த கால்நடைக்கு மறுக்கலாகாது; பிறர் வயலுக்குக் கொடுக்கக் கட்டாயமில்லை. ஆயுள் முடிந்த துணைக்கோளைச் சில நூறு கிலோமீட்டர் மேலே தள்ளி இடத்தை விட்டுக்கொடுக்கும் வழக்கம் இன்று இருப்பதால் முதற்பகுதி பொருந்திவிடுகிறது. இரண்டாம் பகுதியில்தான் சிக்கல். குடத்து நீருக்கு இக்கட்டளை இல்லையே என்பர். உண்மை. ஆயினும் இங்கே குடம் கிணற்றடியை விட்டு நகராமல் அவ்விடத்தையே அடைத்துக்கொண்டு நிற்கிறதே!

மருத்துவமனையில் குறைமாதக் குழந்தையைக் காக்கும் வெப்பப்பெட்டி, தாகித்த கால்நடையைச் சேர்ந்தது. காசில்லையென்று அதற்கு மின்சாரத்தை மறுக்கலாகாது என்பது நம் கருத்து. ஆலையின் எந்திரம் வயலைச் சேர்ந்தது, விலை கொடுக்கட்டும். மாணவர் அத்தோடு விடவில்லை. "வீட்டு விளக்கு, ஹஜ்ரத்?" என்றார். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் விளக்கென்றால் தாகத்தின் பக்கமே சாய்கிறோம். கல்யாண வீட்டுத் தோரண விளக்கை அப்படிச் சொல்லமாட்டோம்.