உன் கூலியை முதலில் எழுது

"ஏதோ இட்லி போட்டு வித்துக்கிட்டிருக்கோம்" என்று இனி ஒருவரிடமும் சொல்லாதே, தம்பி. தங்கச்சி, உனக்கும்தான் சொல்கிறேன். தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்துகளில், ஊர் உறங்கும் நேரத்தில் அடுப்பு மூட்டும் ஒவ்வொரு குடும்பமும் நடத்துவது ஒரு தொழிற்சாலை. அதன் மேலாளர் நீ. சட்டைப் பையில் பட்டம் இல்லை என்பதற்காக அந்தப் பதவியை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்காதே.

நீ தினமும் செய்வதைத்தான் சொல்கிறேன். முந்தின நாள் மதியமே அரிசியும் உளுந்தும் ஊறுகின்றன. மழைக்காலத்தில் மாவு புளிக்க நேரமெடுக்கும் என்று முன்னதாகவே அரைத்துவிடுகிறாய். மே மாதப் புழுக்கத்தில் பொங்கி வழிந்துவிடும் என்று தள்ளி அரைக்கிறாய். மூன்று மணிக்கெல்லாம் முதல் ஈடு இறங்குகிறது. ஈரத்துணியோடு தட்டைக் கவிழ்த்து, தண்ணீர் தெளித்து உரித்து அண்டாவில் அடுக்கும்போது, எத்தனை அடுக்குக்கு மேல் போனால் அடியில் இருப்பது நசுங்கும் என்று உன் கைக்குத் தெரியும். சட்னி வாளி தனி, சாம்பார் தூக்கு தனி. சைக்கிள் சயான் ஸ்டேஷன் வாசலுக்கா, செம்பூருக்கா? அங்கே முதல் ஆள் எத்தனை மணிக்கு வருவார்? அந்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணித்தானே அடுப்பைப் பற்றவைக்கிறாய்! இதைத்தான் மேலாண்மைக் கல்லூரிகளில் பலகையில் கட்டம் போட்டுச் சொல்லித் தருகிறார்கள். உனக்கு அது கையோடு வந்திருக்கிறது.

பிறகு ஏன் மாசக் கடைசியில் கை காய்கிறது? உன் கணக்கில் நீயே இல்லாததால்!

அரிசி, உளுந்து, கேஸ், கிரைண்டருக்குக் கரண்டு, தண்டல்காரருக்குத் தவணை எல்லாம் கழித்து மிஞ்சியதை லாபம் என்கிறாய். அடுப்படியில் அம்மா வெந்தாளே, அவளுக்குக் கூலி எங்கே? அப்பா அண்டா சுமந்ததற்கு? நீ சைக்கிள் மிதித்ததற்கு? வெளியாள் வைத்திருந்தால் கூசாமல் எடுத்துக் கொடுத்திருப்பாய். தன் உழைப்புக்கு விலை போடாதவன் பேரத்தில் முதலில் தோற்கிறான். ஓட்டல்காரர் "இட்லிக்கு ஐம்பது காசு குறைச்சுக்க" என்றதும் நீ தலையாட்டுவது அதனால்தான். உனக்கு அடக்கவிலையே தெரியாது! தெரிந்திருந்தால், "கட்டாது சேட்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பாய். அந்த நிமிர்வைக் கொடுப்பது நாற்பது ரூபாய் நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும்தான்.

இன்னொன்றையும் அதே நோட்டில் எழுது. ஒரு நாளைக்கு 400 இட்லி போட்டு 40 மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள். தினம் நாற்பதுதானே என்று விட்டால், மாதம் 1,200. மூன்று நாள் முழுக்கக் குடும்பமே உழைத்தது குப்பைக்குப் போகிறது! எந்தக் கிழமை மிஞ்சுகிறது, எந்தக் கிழமை ஏழு மணிக்கே அண்டா காலியாகிறது என்று எழுதி வை. ஒரே மாதத்தில், எவ்வளவு அரைப்பது என்பதை அந்த நோட்டே சொல்லும்.

"நம்மால் இதற்குமேல் போக முடியுமா?" என்று கேட்கிறாயா? நாகலாபுரத்துப் பையன் போனானே! தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து பிரேம் கணபதி 1990இல் பம்பாய்க்கு வந்தபோது வயது 17. வேலை வாங்கித் தருவதாகக் கூட்டி வந்தவர் பாந்த்ராவில் விட்டுவிட்டுப் போய்விட்டார். பாஷை தெரியாது. இரக்கப்பட்ட ஒரு தமிழர் தாராவி மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனார். அங்கிருந்தவர்கள் ஊர் திரும்ப டிக்கெட்டுக்குப் பணம் திரட்டிக் கொடுக்க முன்வந்தார்கள். அவர் திரும்பவில்லை. மாகிமில் ஒரு பேக்கரியில் மாதம் 150 ரூபாய்க்குப் பாத்திரம் கழுவினார். 1992இல் வாஷி ரயில் நிலையத்துக்கு எதிரே வாடகைக் கைவண்டியில் இட்லி தோசை. மாநகராட்சி வண்டியைத் தூக்கிக்கொண்டு போனது, அபராதம் போட்டது. மறுபடி வண்டி போட்டார். தம்பிகளை ஊரிலிருந்து வரவழைத்துக்கொண்டார். 1997இல் சொந்தப் பெயரில் கடை.

எனக்குப் பிடித்த இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. சீன உணவுக் கடை ஒன்றைத் தொடங்கி, அது ஓடாமல் மூடினார். மற்றவர்கள் அதைக் கெட்ட கனவென்று மறந்திருப்பார்கள். அவரோ அங்கே பழகிய சாஸையும் நூடுல்ஸையும் தோசைக்குள் வைத்தார். ஷெஸ்வான் தோசை பிறந்தது. 2002க்குள் 105 வகை. 2003இல் வாஷியில் ஒரு மாலுக்குள் அவருடைய 'தோசா பிளாசா' கடை நுழைந்தது, அதன் பிறகு கடல் தாண்டியும் போனது. மூடிய கடையிலிருந்துகூட எதை எடுத்துக்கொண்டு வரலாம் என்று பார்க்கும் கண் அவருக்கு இருந்தது. அந்தக் கண் உனக்கும் உண்டு. போன வருஷம் உன் வியாபாரத்தில் எது நின்றுபோனது என்று கொஞ்சம் திரும்பிப் பார்!

ஒரு நாள் மாட்டுங்காவுக்கும் போய் வா. ஸ்டேஷன் பக்கத்தில் 1942இல் தொடங்கிய ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் இன்னும் வாழையிலை போடுகிறது. முதலில் கூப்பன், பிறகுதான் பந்தி. சோறு பரிமாறும் முன்பே காசு கல்லாவில். நீயோ கடைகளுக்குக் கடனில் இட்லி போட்டுவிட்டு, பாக்கி கேட்கக் கூச்சப்படுகிறாய். உன் உழைப்புக்கான காசைக் கேட்பதில் என்ன கூச்சம்? கிழமை வைத்து வசூல் செய். தவறினால் மறுநாள் அண்டா அந்தக் கடை வாசலில் நிற்கக் கூடாது.

தாராவியில் நீ அந்நியன் இல்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தோல் தொழிலாளர்கள் 1887இலேயே இங்கே படி மசூதியைக் கட்டினார்கள். பிற்காலத்தில் தோல் பதனிடும் தொழில் இங்கிருந்து அகற்றப்பட்டபோது ஊர் உட்கார்ந்துவிடவில்லை, பை தைத்தது, பெல்ட் தைத்தது. இன்று மறுசீரமைப்புத் திட்டம் வாசலுக்கு வந்திருக்கிறது. 2022இல் அதானி குழுமம் ஏலத்தை எடுத்தது. சந்து சந்தாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். உன் அடுப்புக்கு என்ன சாட்சி இருக்கிறது? சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை, ஆதாரையும் பான் கார்டையும் வைத்துச் செய்யலாம். உணவுப் பாதுகாப்புப் பதிவை வாங்கு. கடைகளுக்கான குமாஸ்தா லைசென்ஸ் பற்றி விசாரி. கரண்டு பில், வாடகைச் சீட்டு, சரக்கு ரசீது எல்லாவற்றையும் ஒரே பையில் போடு. கேட்டு வருகிறவர் முன்னால் கைகட்டி நிற்காமல், அந்தப் பையைத் திறந்து வைத்துப் பேசு.

அந்தக் கணக்கை இன்றே தொடங்கு. அரிசி ஊறுகிற நேரம் போதும். புது நோட்டை எடு, தேதியைப் போடு. அரிசிக்கும் உளுந்துக்கும் முன்னால், முதல் வரியில் அம்மாவின் பெயரை எழுதி, எதிரே அவள் கூலியைப் போடு. அடுத்த வரியில் உன்னுடையது.